பென்சில் கரியைத் தொங்கவிட்டுப் பார்த்த வத்திராயிருப்புக்காரர்

சர் கே.எஸ். கிருஷ்ணன் (1898 – 1961)



போன வருஷம் தேசிய அறிவியல் நாளுக்கு இதே சுவரில் நான் சர் சி.வி. ராமன் பற்றி எழுதி ஒட்டினேன். நல்லா இருக்குன்னு நிறைய பேர் சொன்னீங்க. ஆனா எங்க அறிவியல் டீச்சர் மட்டும் நின்னு முழுசா படிச்சுட்டு, 1928-ல் வெளியான அந்தக் கடிதத்தில் எத்தனை பேர் பெயர் இருந்தது என்று என்னைக் கேட்டாங்க. நான் ஒருத்தர் என்றேன். இரண்டு பேர் என்று சொல்லிட்டு அவங்க கிளாசுக்குப் போயிட்டாங்க. அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்தது. எழுதி ஒட்டியதைக் கிழிக்கவும் மனசு வரவில்லை. அந்த இரண்டாவது பெயருக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. போன வருஷக் கடனை இந்த வருஷம் அடைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வத்திராயிருப்பு என்று ஒரு ஊர். விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறப் போனவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். அந்த ஊரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். முழுப்பெயர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். அப்பா விவசாயம் பார்த்தவர், தமிழும் சமஸ்கிருதமும் நன்றாகப் படித்தவர். கரியமாணிக்கம் என்றால் கரிய நிறத்து மாணிக்கம், அது பெருமாளைச் சொல்வது என்று தமிழ் ஐயா விளக்கினார். இருந்தாலும் பாருங்களேன், பெயரிலேயே கரியை வைத்துக்கொண்டு பிறந்தவர் பிற்காலத்தில் கரியை ஆராய்ச்சி செய்துதான் பெரிய பெயர் வாங்கினார்!

வத்திராயிருப்பிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பு. அப்புறம் மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் பிரிவில் செய்முறை காட்டும் வேலை கிடைத்தது. பாடம் வேதியியல், ஆனால் மனசு இயற்பியலில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்களைக் கூட்டிவைத்து இயற்பியல் பேசுவாராம். அதைக் கேட்க வேறு கல்லூரிப் பையன்களும் வந்தார்களாம். சாப்பாட்டு பெல் அடித்த பிறகு பாடம் கேட்க வேறு ஸ்கூலில் இருந்து நம்ம ஸ்கூலுக்கு ஆள் வருவாங்களா? யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு அவர் அங்கேயே இருக்க முடியுமா? கல்கத்தாவுக்குப் போனார். 1923-ல் பவ்பஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனோடு சேர்ந்தார். அங்கே ராமன் 1921-லிருந்தே, ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறினால் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணன் முதலில் அதில் நன்றாக வேலை செய்தார். நடுவில் இரண்டு மூன்று வருஷம் சோதனையை விட்டுவிட்டுக் கணக்குப் பக்கம் போய்விட்டார். 1928 பிப்ரவரி தொடக்கத்தில் ராமன் அவரை மறுபடி சோதனைக் கூடத்துக்கு இழுத்து வந்தார். சோதனையிலிருந்து ஒதுங்கியே இருப்பது விஞ்ஞானிக்கு நல்லதில்லை என்பது ராமனுடைய கட்சி.

அந்தச் சோதனைக்கு வேண்டிய சாமான் ரொம்பக் குறைவு. சூரிய வெளிச்சம், அதைக் குவிக்க ஒரு தொலைநோக்கி, நிறக் கண்ணாடிகள், தூசி தும்பு இல்லாமல் திரும்பத் திரும்ப வடித்தெடுத்த திரவங்கள், அப்புறம் மனுஷக் கண். நீல நிற ஒளியை மட்டும் திரவத்துக்குள் அனுப்பினால், சிதறி வருவதில் கொஞ்சம் வேறு நிறமும் கலந்து வந்தது. மிகவும் மங்கலாகத்தான் தெரியும். இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். கிருஷ்ணன் ஒவ்வொரு திரவமாகப் பார்த்தார், நாட்குறிப்பும் எழுதி வைத்தார். பிப்ரவரி 7 அன்று இரவு சாப்பிட்டுவிட்டுத் தன் அறையில் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சுமார் ஒன்பது மணிக்கு ராமனே வீடு தேடி வந்து அவரைக் கூப்பிட்டார் என்று அதில் இருக்கிறது. காலையில் பார்த்தது சாதாரண விஷயம் இல்லை என்பது ராமனுக்கு உறைத்துவிட்டது. மறுநாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை!

பிப்ரவரி 28-ஆம் தேதி நிறமாலை காட்டும் கருவி வழியாகப் பார்த்து உறுதி செய்தார்கள். அதனால்தான் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கடிதம் லண்டனில் வெளியாகும் நேச்சர் இதழில் மார்ச் 31-ல் வந்தது. சுமார் அறுபது திரவங்களைச் சோதித்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். 1930-ல் நோபல் பரிசு வந்தபோது அது ராமன் ஒருவருக்கே வந்தது.

இது நியாயமா? நான் இதைப் பற்றி ரொம்ப யோசித்தேன். ஏழு வருஷமாக விடாமல் அந்தக் கேள்வியைத் துரத்தியவர் ராமன். எங்கே பார்க்கணும் என்று தெரிந்தவரும் அவர்தான். நோபல் பரிசு உரையில் கிருஷ்ணன் பெயரையும் சொன்னார். அதனால் பரிசு அவருக்குப் போனது தப்பு என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் கண் வலிக்க வலிக்கப் பார்த்த இன்னொருவரை நாம் மறந்துவிட்டது தப்பு. போன வருஷம் நான் செய்ததும் அதேதான். இதில் இன்னொன்றையும் கவனிக்கணும். பரிசு வருவதற்கு முன்னாலேயே கிருஷ்ணன் கல்கத்தாவை விட்டுப் போய்விட்டார். 1928 டிசம்பரிலேயே டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு வங்காள தேசத்தின் தலைநகராக இருக்கும் அதே டாக்காதான். போசான் துகளுக்குப் பெயர் தந்த சத்யேந்திரநாத் போஸ் அப்போது அங்கேதான் இருந்தார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

டாக்காவில் கிருஷ்ணன் ஒளியை விட்டுக் காந்தத்தைப் பிடித்தார். காந்தம் என்றால் நமக்கு ஆணி, குண்டூசி ஞாபகம் வரும். ஆனால் உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் கொஞ்சமாவது காந்த குணம் உண்டு. சிலது காந்தத்தைப் பார்த்தால் லேசாக ஒதுங்கும். அதற்கு டயா காந்தம் என்று பெயர். ரொம்ப ரொம்பக் குறைவான விசை, கையால் தொட்டுத் தெரியாது. அதை அளப்பதற்குக் கிருஷ்ணன் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது எனக்கு ஊஞ்சல்தான் ஞாபகம் வந்தது. ஒரு சின்னப் படிகத்தைத் தலைமுடியை விட மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். படிகம் தனக்குப் பிடித்த பக்கமாகத் திரும்பி நிற்கும். இப்போது இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கிக்கொண்டே போகணும். படிகம் கொஞ்ச நேரம் வீம்பாக அப்படியே நிற்கும். முறுக்கு ஒரு அளவைத் தாண்டினால் சட்டென்று திரும்பிவிடும். எத்தனை முறுக்குக்குத் திரும்பியது என்று பார்த்தால், அந்தப் படிகத்துக்கு ஒரு திசையில் எவ்வளவு காந்த குணம், இன்னொரு திசையில் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அவருடன் வேலை செய்த எஸ். பானர்ஜியும் அவரும் இதை இன்னும் நுட்பமாக்கினார்கள்.

என்னென்ன தொங்கவிட்டார் தெரியுமா? பீரோவில் போடுகிற பாச்சை உருண்டை இருக்கே, நாப்தலீன், அதன் படிகத்தைக்கூடத் தொங்கவிட்டார். நாப்தலீன் மூலக்கூறில் கார்பன் அணுக்கள் அறுகோணமாகக் கைகோத்து நிற்கின்றன. அந்த மூலக்கூறுகள் படிகத்துக்குள் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கின்றன என்பதைக் காந்தத்தை வைத்தே அவர் சொன்னார். உடைக்காமல், கரைக்காமல்! இங்கிலாந்தில் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி எக்ஸ் கதிரைக் கொண்டு இதே போன்ற படிகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சீன் வளையம் தட்டையானது என்று 1929-ல் காட்டியவர் அவர். 1936-ல் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் சேர்ந்து ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். லண்டன் ராயல் சொசைட்டியில் முதன்முதலாக உறுப்பினரான இரண்டு பெண்களில் லான்ஸ்டேல் ஒருவர் (1945). இதைச் சும்மாதான் சொன்னேன், பையன்கள் படிக்கட்டும் என்று.

1933-ல் கிருஷ்ணன் கல்கத்தாவுக்குத் திரும்பி, ராமன் இருந்த அதே கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் ஆனார். இந்தச் சமயத்தில்தான் கிராஃபைட் அவர் கைக்கு வந்தது. கிராஃபைட் என்றால் நம்ம பென்சிலுக்குள் களிமண்ணோடு கலந்து இருக்கும் கருப்புப் பொருள்தான். நம்ம தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் வெட்டி எடுக்கிறார்கள். இங்கே ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் எங்க மாமா மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். மிக்ஸி மோட்டாரில் தேய்ந்துபோன கார்பனைக் கழற்றிப் புதுசு போடுவார். சுண்டு விரல் நகம் அளவு கருப்புக் கட்டி. அதுவும் கிராஃபைட்தான். சுற்றுகிற பாகத்தை வழுக்கிக்கொண்டே தொடும், கரண்டையும் கடத்தும். எண்ணெய் மாதிரி வழுக்குகிற ஒரு பொருள் செம்பு மாதிரி எப்படிக் கரண்டு கடத்துது? மாமாவிடம் கேட்டேன். அது கார்பன், அப்படித்தான் என்றார்.

கிருஷ்ணன் அப்படித்தான் என்று விட்டுவிடவில்லை. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணமாகத் தட்டையாகப் பரவியிருக்கும். அந்த மாதிரி தளம் தளமாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சுமார் 30 லட்சம் தளம்! ஒரு கார்பன் அணுவுக்கு வெளி வட்டத்தில் நாலு எலக்ட்ரான். மூன்று, பக்கத்து அணுக்களோடு கைகோத்துவிடும். நாலாவது சும்மா இருக்கும். அது என்ன பண்ணுது என்பதுதான் கேள்வி. தொங்கவிட்டுத் திருகிப் பார்த்ததில், தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தம் இருந்தால் கிராஃபைட் எதிர்ப்பது, தளத்தின் வாக்கில் இருக்கும்போது எதிர்ப்பதை விடச் சுமார் 40 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. சாதாரணக் கார்பன் அணு இவ்வளவு எதிர்க்காது. அப்படியானால் அந்த நாலாவது எலக்ட்ரான் தன் அணுவோடு கட்டிக் கிடக்கவில்லை, தளம் முழுக்க ஓடித் திரிகிறது என்றுதானே அர்த்தம்? மாடிப்படியே கட்டாத அடுக்குமாடிக் கட்டிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியிலும் பிள்ளைகள் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஓடலாம். மேல் மாடிக்கு மட்டும் போவது கஷ்டம். கிராஃபைட்டின் எலக்ட்ரான் அந்த மாதிரி.

அவரும் என். கங்குலியும் 1939-ல் கரண்டையும் அளந்து பார்த்தார்கள். தளத்தின் வாக்கில் போகிற கரண்டு, தளம் விட்டுத் தளம் போவதை விட ஆயிரக்கணக்கான மடங்கு சுலபமாகப் போனது. கிராஃபைட்டைக் குளிர வைத்தும் சூடாக்கியும் காந்த குணத்தை அளந்தார்கள். தளத்துக்குள்ளேயே அலைகிற எலக்ட்ரான் கூட்டத்தை ஒரு வாயு மாதிரி வைத்துக் கணக்குப் போட்டு 1941-ல் ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டார்கள். தட்டையான உலகத்தில் வாழும் எலக்ட்ரான்களைப் பற்றி இப்படி அளந்து எழுதியவர்கள் அப்போது உலகத்திலேயே ரொம்பக் கொஞ்சம் பேர்தான். எல்லாம் கல்கத்தாவில், ஒரு இழையும் ஒரு காந்தமும் வைத்து!

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். 6பி பென்சிலால் வெள்ளைத்தாளில் இரண்டு தடிமனான கோடு போடுங்கள், ஒரு முனையில் நடுவில் சின்ன இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் எல்.இ.டி. பல்பின் இரண்டு காலையும் ஆளுக்கொரு கோட்டில் வையுங்கள். மறுமுனைகளில் 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் பல்பு எரியும். எரியாவிட்டால் பல்பைத் திருப்பி வையுங்கள், கோட்டையும் இன்னும் அழுத்தித் தேயுங்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் எரிந்தது, அதுவும் மங்கலாக. பேப்பரில் ஓடியது அந்த நாலாவது எலக்ட்ரான்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-ல் ரூதர்ஃபோர்டு அழைத்து, கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில் உரையாற்றினார். 1940-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-ல் சர் பட்டம். 1947-ல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர். 1948-ல் அமைத்த அணுசக்தி ஆணையத்தில் பாபா, பட்நாகரோடு இவரும் ஒருவர். 1954-ல் பத்மபூஷண். பட்நாகர் விருதை முதன்முதலாக 1958-ல் வாங்கியவரும் இவர்தான். அவர் நடத்திய டில்லி ஆய்வகத்தில்தான் நம் நாட்டுக்கென்று வந்த 57-ஆம் எண் கிலோகிராம் கட்டி இருக்கிறது. ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிற அழியாத மையின் செய்முறையும் அங்கே உருவானதுதான். 1962 தேர்தலிலிருந்து வைக்கிறார்கள், தயாரிப்பது நமக்குப் பக்கத்து மாநிலத்து மைசூரில்.

இவ்வளவு பெரிய பதவிக்குப் போன பிறகும் கரியை அவர் விடவில்லை. கிராஃபைட்டைக் கடுமையாகச் சூடாக்கினால் எலக்ட்ரான் எப்படி வெளியே வருகிறது என்று டில்லியில் ஜெயின் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து 1952-ல் எழுதினார். தமிழையும் விடவில்லை. அறிவியல் கட்டுரைகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். டாக்கா, அலகாபாத், டில்லி என்று தமிழ் கேட்காத ஊரிலேயே பாதி வாழ்க்கை போனவருக்கு அது எப்படி முடிந்ததோ! வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று இருக்கும் நம்மில் பலருக்கு இது கொஞ்சம் புரியும்.

1961 ஜூன் மாதம் டில்லியில் காலமானார். வயது 62.

அவர் போன பிறகு அந்த நாலாவது எலக்ட்ரானின் கதை பெரிசாக வளர்ந்தது. அவர் இருக்கும்போதே 1947-ல் வாலஸ் என்பவர் கிராஃபைட்டின் ஒரே ஒரு தளத்தைத் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார். 1956-ல் மெக்ளூர் என்பவர் கிராஃபைட் ஏன் காந்தத்தை அவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கு, கிருஷ்ணன் சொன்னதை விடச் சரியான காரணம் சொன்னார். அந்த எலக்ட்ரான்கள் சாதாரண வாயு மாதிரி இல்லை, தங்களுக்கு எடையே இல்லாதது மாதிரி நடந்துகொள்கின்றன. ஆக, கிருஷ்ணனின் அளவுகள் சரி, விளக்கத்தில் பாதிதான் சரி. 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் சாதாரண ஒட்டு நாடாவால் கிராஃபைட்டை உரித்து உரித்து ஒரே ஒரு தளத்தைத் தனியாக எடுத்தே விட்டார்கள். அதுதான் கிராஃபீன். 2010-ல் நோபல் பரிசு.

கிராஃபீனில் 2005-ல் ஒரு வினோதம் அளந்து காட்டப்பட்டது. புரிய ஒரு பேப்பர் பட்டையை எடுத்து, ஒரு முனையை அரைத் திருப்புத் திருப்பி மறுமுனையோடு ஒட்டுங்கள். இதற்கு மோபியஸ் பட்டை என்று பெயர். அதன்மேல் ஒரு எறும்பு நேராக நடந்தால், ஒரு சுற்று முடியும்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இரண்டு சுற்று சுற்றினால்தான் கிளம்பிய இடத்துக்கு வரும். கிராஃபீனின் எலக்ட்ரான் அலையும் ஒரு சுற்று வந்தால் தலைகீழாகிவிடுகிறது. பட்டையைக் கசக்கினாலும் இழுத்தாலும் அந்தத் திருப்பு போகாது, வெட்டினால்தான் போகும். இப்படி வெட்டினால் தவிரப் போகாத குணங்களைப் பற்றிய கணக்குக்கு இடவியல் என்று பெயர். தேன்கூடு வடிவத்தில் இந்த மாதிரி குணம் வரலாம் என்று 1988-லேயே கணக்கில் காட்டியவர் ஹால்டேன். 2016 நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். 2018-ல் கார்பன் அணுக்களை மெல்லிய ரிப்பன் மாதிரி வரிசையாகக் கட்டி, ரிப்பனின் அகலம் மாறும் இடத்தில் எலக்ட்ரான்கள் இடவியல் காரணமாக மாட்டிக்கொண்டு நிற்பதைப் படமே எடுத்துவிட்டார்கள். (இந்தப் பத்தியை எனக்குப் புரியவைக்க டீச்சருக்கு இரண்டு மத்தியானம் ஆனது. சாப்பாட்டு நேரத்தில்தான்!)

கடைசியாக ஒன்று. ஒட்டு நாடாவால் உரித்த கரி ஒரே தளமா, இரண்டா, பத்தா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். அதற்கு அதன்மேல் ஒரு நிற லேசர் ஒளியை அடித்து, சிதறி வரும் ஒளியில் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 2006-லிருந்து உலகம் முழுக்க ஆய்வகங்களில் இதுதான் வழக்கம். கல்கத்தாவில் கிருஷ்ணன் சூரிய வெளிச்சத்தை வைத்து அறுபது திரவங்களில் பார்த்தாரே, அதே நிற மாற்றம்தான்.

– 9-ஆம் வகுப்பு மாணவி